இடதுகைப் பெருவிரலில் இருந்த மை

என் பெயர் எல்லையம்மாள், வயது 64, க/பெ அய்யாவு, திருத்துறைப்பூண்டி தாலுக்கா கீழப்பனையூர் நடுத்தெரு. குத்தகை விசாரணையில் தாசில்தார் முன் கொடுக்கும் வாக்குமூலம். ஐந்தாவது வரை படித்தவள். குடும்பம் பற்றிக் கேட்டதில், பேத்தி மலர்கொடி மன்னார்குடியில் டீச்சர், பேரன் தியாகேசன் மின்சார போர்டில் லைன்மேன், சின்னவன் சிங்காரவேலு எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் 94 வாங்கிப் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவன். அந்த 94-ஐயும் எழுதச் சொன்னேன்.

பண்ணையாரின் ஆறு மா நிலத்தை முப்பது வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறோம். 1971-ல் குத்தகைப் பதிவேட்டில் என் கணவர் பெயர் ஏறியது. இந்த வருஷம், 1973 ஆவணியில், நாற்றங்காலில் அவர் சாய்ந்துவிட்டார். முகம் வலப்பக்கம் தொங்கி, வலது கண் மூடவில்லை. அதனால் வலது கைக்குத்தான் எண்ணெய் தேய்த்தேன். அவர் அந்தக் கையாலேயே என்னைத் தட்டிவிட்டார். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹமீதா பானு பார்த்து, மூளையின் அடித்தண்டில் அடைப்பு, இப்படி வந்தால் முகம் ஒரு பக்கமும் கைகால் எதிர்ப்பக்கமும் விழும், விழுந்தது இடது கைகால் என்றார். கண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டவும், நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டியான கஞ்சி ஊட்டவும், இடதுகை விரல்களைத் தினம் நீட்டி மடக்கவும் சொல்லிக்கொடுத்தார். பண்ணையாரின் காரியஸ்தர் இராஜாங்கம் அங்கே வந்து முகத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தோம். புரட்டாசி 9-ந் தேதி, மாத்திரை போட்டு அவர் தூங்கியதும் நான் நடவுக்குப் போனேன். திரும்பி வந்து விரல்களை நீட்டும்போது இடது பெருவிரலில் மை இருந்தது. காரியஸ்தர் வந்துபோனதாக எதிர்வீட்டு அம்சம் சொன்னாள். நிலத்தை அவர் விட்டுக்கொடுத்ததாகப் பிறகு காரியஸ்தர் பஞ்சாயத்தில் ஒரு பத்திரம் காட்டினார். அதில், வலது கை விளங்காததால் நல்ல கையான இடது கையால் தானே ரேகை வைத்தார் என்று எழுதியிருக்கிறது. அவர் வலது கையால் கையெழுத்தே போடுவார். இடது கையால் ஈ ஓட்ட முடியாது. இதை அங்கேயே சொன்னபோது காரியஸ்தர், "முகம் வலதுல, கை இடதுலயா? ஒரே ஆளுக்கு ரெண்டு வாதமா, ஏம்மா?" என்றார். சிரித்தார்கள். "ரெண்டில்லீங்க, ஒண்ணுதான். நீங்கதான் பக்கம் தப்பா எழுதிட்டீங்க" என்றேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம். இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னேன். எதிர்த்தரப்பு கொடுத்திருக்கும் போட்டோவில் தொங்கிய முகம்தான் தெரிகிறது, கைகள் போர்வைக்குள் இருக்கின்றன. என் கணவரால் இவ்வளவு தூரம் வர முடியாது. வீட்டுக்குப் போட்டோக்காரரை அனுப்பி, என் கணவர் வலது கையில் பேனா பிடித்திருக்க, இரண்டு கையும் தெரிய, புதுப் படம் எடுத்து மேல்விசாரணைக்குத் தபாலில் அனுப்பவேண்டும்.

(ஒப்பம்) அ. எல்லையம்மாள்