போதும் என்ற கார்டு

ஒரு ஜோடி செருப்பு வாங்கினாலும், கடையில் விட்டுவந்த இன்னொரு ஜோடிதான் வீடு வந்து சேரும்வரை என் கண்ணில் நிற்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அண்ணன் எனக்கு நேர்மாறு. தட்டில் எதைப் போட்டாலும், கையில் எதைக் கொடுத்தாலும் 'போதும்' என்பான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஐயா. பின்னால் தேவைப்படும்.

விளையாடுவதற்கென்றே பாகம் பாகமாக வாங்கிப் புதிதாக ஒரு கணினி சேர்ப்பது என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். அதற்கு உயிர்நாடி கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் படம் திக்காமல் திணறாமல் ஓடுவது அதன் கையில்தான் இருக்கிறது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று நடுத்தரம், மற்றது அதற்கு ஒரு படி மேல். நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிற? சின்னதே போதும்டா" என்றான் அண்ணன்.

"பழைய கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துப் போடுறீங்களே, அந்தப் பவர் சப்ளையையும் மாத்திட்டா நல்லது, கரண்ட் குடுக்கிறதே அதுதான்" என்றார் கடைக்காரர்.

"அது ஓடுற வரைக்கும் ஓடட்டும். போதும்."

சின்ன கார்டோடு வீடு திரும்பினோம்.

அதன்பின் நான் விளையாடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். விளையாட்டைத் திறப்பேன். ஆனால் கண் போவதெல்லாம் திரையின் மூலைக்கு. படம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் எண் அங்கேதான் இருக்கும். அது இறங்கினால் விளையாட்டை மூடிவிட்டு மறுபடி திறப்பேன். ஏறினால், பெரிய கார்டாக இருந்தால் இன்னும் ஏறியிருக்குமே என்று தோன்றும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வேலையிடத்தில் பார்சல்களுக்கு முகவரி ஒட்டும்போதும் அந்தப் பெரிய பெட்டிதான் நினைவில் நிற்கும். இரண்டு கார்டுகளையும் அருகருகே ஓடவிட்டுக் காட்டும் வீடியோக்களை விடாமல் பார்த்தேன். கடைசியில் கண்ணை மூடினாலும் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக ஓடத் தொடங்கியது.

மறுபடி கடைக்குப் போய்க் கேட்டேன்.

"பிடிக்கலைன்னு வந்தா எடுக்க மாட்டோம் தம்பி. தானா செத்துப்போனா கொண்டாங்க. அந்த மாடல் இப்ப வர்றதில்ல, மேல உள்ளதைத்தான் குடுக்க வேண்டியிருக்கும்."

அந்தத் தொழிலில் கார்டு பழுதாகாது, சாகும். அவர் வாடிக்கையாகச் சொல்வதுதான். நான் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

தானாகச் சாவதற்கு அதற்கு வெப்பம் வேண்டும். விசிறிகள் சுற்றாதபடி நூலால் கட்டினேன். காற்று போய்வரும் துளைகளைப் பழைய போர்வைத் துணியால் அடைத்தேன். கார்டுக்கு ஓயாமல் வேலை கொடுக்கும் சோதனை ஒன்றை ஓடவிட்டேன். சூடு மீறியதும் கணினி தானே அணைந்தது. அது தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதை விலக்கிவைப்பது எப்படி என்றும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மிச்சமிருந்தது அண்ணன்தான். ரொட்டித் தொழிற்சாலையில் அவனுக்கு இரவு வேலை, பகலில் தூக்கம். எங்களுக்கு இருந்தது ஒரே படுக்கையறை. அவன் தலைமாட்டிலேயே கணினி மேசை. பாதித் தூக்கத்தில் எழுந்துவிட்டான்.

"ஏன்டா, அங்க ரொட்டியோட வெந்துட்டு வர்றேன், இங்கயும் வேகணுமா?"

கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டு மறுபடி படுத்துக்கொண்டான். அறை குளிர்ந்தது. கார்டும் பிழைத்துக்கொண்டது. ஆனால் கணினியை மட்டும் அவன் தொடவில்லை. முன்பு ஒருமுறை பாதியில் அணைத்ததற்காக நான் கத்திய கத்தலில், "சாமி, உன் பெட்டிய இனிமே தொடவே மாட்டேன், ஆள விடு" என்று சொல்லியிருந்தான்.

ஆகவே மறுநாள் அவன் நன்றாக அயர்ந்த பிறகு ஜன்னலைச் சாத்தி, கொக்கியைக் கம்பியால் முறுக்கினேன். சோதனையை ஓடவிட்டேன். வெளியே வந்து கதவைத் தாழிட்டேன். வெப்பம் வெளியேறக் கூடாது என்பதற்காகத்தான். அவன் உள்ளே இருந்தது வேறு விஷயம்.

சமையலறையில் உட்கார்ந்து பெரிய கார்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது.

"டேய், கதவு மாட்டிக்கிச்சு. வந்து திற."

"கொஞ்சம் பொறு" என்றேன்.

"புகையுதுடா."

கார்டு சாகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எரிந்தது பழைய பவர் சப்ளை என்பது பிறகு தெரிந்தது. தட்டுவது இடியாக மாறியது. இருமலுக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

"போதும்டா... போதும்..."

நீங்கள் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்துவது இந்த இடத்தில்தான். அவன் வாயிலிருந்து நான் பிறந்த நாள் முதல் கேட்டுவந்த சொல், ஐயா. கார்டைப் பற்றித்தான் மறுபடியும் சொல்கிறான் என்று நினைத்தேன். எரிச்சலாக வந்தது. "உனக்கு எதுதான் போதாது?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

சத்தம் அடங்கிய பிறகு கடைக்காரரைப் போனில் அழைத்து, "தானா செத்துப்போச்சு" என்று சொன்னேன். கார்டைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு போய்க் கதவைத் திறந்தேன்.

கணினியின் சுவிட்ச் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அது கடைசிவரை அணைக்கப்படவில்லை என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். தொட மாட்டேன் என்றான், தொடவில்லை. அப்படிப்பட்டவனுக்கு என்ன செய்ய முடியும்?

கதவைத் தாழிட்டது நான். திறக்க முடிந்தும் திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்று கடையில் பெரியதையே வாங்கியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. வேண்டாம் என்று சொன்னது யார் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள்.