விளக்கு ரூமுக்குள்ள ஒரு ஜெனரல்

— சத்தியமாச் சொல்லுதேன் அத்தான், பர்மாவுல ஒரு லட்சம் ஜப்பான்காரனை ஓட ஓட விரட்டுன ஜெனரல் ராணா, நம்ம சங்கரன்கோவில் ஸ்டேஷன்ல, என் வேட்டியைக் கட்டிக்கிட்டு, நாலு மணி நேரம் என்கூட உக்காந்து சிக்னல் விளக்குத் தொடைச்சாரு.

— வே சுயம்புலிங்கம், போன வாரம் மூணு மணி நேரம்னீரு.

— போன வாரம் கொஞ்சம் அடக்கமாச் சொன்னேன்.

— ஜப்பான்காரனும் போன வாரம் அம்பதாயிரந்தான்.

— அதுக்கப்புறம் எண்ணிப் பாத்தேன்.

— சிரிக்காத வடிவு. ஏன்வே, பொண்ணு பேசி முடிக்க வந்த எடத்துல, தாம்பூலத் தட்டை முன்னால வச்சுக்கிட்டு, இந்தக் கதையை எதுக்கு எடுக்குதீரு?

— நான் எங்க எடுத்தேன். வடிவு அக்காதான் கேட்டா.

— ஆமா, நாந்தான் கேட்டேன். சங்கரேஸ்வரி நமக்கு மருமவளா வாரா. அவ அப்பன் கதையை நான் கேக்காம ஆரு கேப்பா?

— கேளு. ஆனா முதல்ல எனக்கு ஒரு ஞாயம் சொல்லு. அம்பத்தொண்ணுல ஜெனரலுக்கு வரவேற்புக் கமிட்டித் தலைவரு ஆரு? நாந்தான். காந்திமதிநாதன்னு நோட்டீசுலயே அடிச்சிருந்துச்சு. பிளாட்பாரத்துல ஆளுயர மாலையை அவரு கழுத்துல போட்டது இந்தக் கை. இவரு ஊரெல்லாம் போயி, ஜெனரல் விளக்கு ரூம்ல இருந்தாருன்னா, நான் மாலை போட்டது ஆருக்கு? டீக்கடையில என்னைப் பாத்தா ஒவ்வொருத்தனும் கமுக்கமாச் சிரிக்கான். இவரு வாயால அது பொய்யின்னு ஒரு சொல்லு வரட்டும், தட்டை மாத்திக்கிடுவோம். இல்லையா, எம் மவன் கைலாசத்துக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன்.

— என்ன பேச்சு இது. கைலாசம் அந்தப் பிள்ளையைத் தவிர ஒருத்தியையும் கட்ட மாட்டேங்கான். தம்பி, நீ முழுசாச் சொல்லு. கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்.

— அக்கா, அந்த மனுசன் ஒரு தினுசு. துப்பாக்கிக்குப் பயமில்லை, பீரங்கிக்குப் பயமில்லை. நாலு பேரு சேந்து வணக்கம்னா ஓடி ஒளிஞ்சிருவாரு. ஸ்பெஷல் ரயிலு நின்னுச்சு. பிளாட்பாரத்துல ஆடித் தபசுத் திருவிழா மாதிரிக் கூட்டம். நாயனம், மேளம். நான் தண்டவாளம் மாத்துத பாயிண்ட்ஸ்மேன்லா, மறுபக்கம் தண்டவாளத்து ஓரமா விளக்கைத் தூக்கிட்டு வாரேன். பாத்தா, அந்தப் பக்கத்துக் கதவைத் தொறந்துக்கிட்டு ஆறரை அடி மனுசன் பனியனோட குதிக்காரு.

— ஏழடின்னு சொல்லுமே.

— ஏழடிதான். குனிஞ்சு குதிச்சதுல கொறஞ்சுட்டு. நேரா என் விளக்கு ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு. என் ரூமு, நான் வெளிய நின்னு தட்டுதேன்.

— தொறந்தாரா?

— தொறந்தாரு, ஆனா என் மூஞ்சியைப் பாக்கலை. சொவத்தைப் பாத்துக்கிட்டே கால்சட்டைப் பையிலேருந்து ஒரு நோட்டை எடுத்தாரு. ஆளைக் கண்டா என்ன பேசணும்னு நம்பர் போட்டு எழுதி வச்சிருக்காருக்கா. இந்துஸ்தானியில வாசிக்காரு. நான் வடக்க குண்டக்கல் ஸ்டேஷன்ல நாலு வருசம் இருந்தவன், எனக்குப் புரியும். ஒண்ணு, ஊர்ல மழை உண்டா? இல்லைன்னேன். வெரி குட்டுன்னாரு. ரெண்டு, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? மாமியா போன மாசந்தான் தவறிட்டான்னேன். அதுக்கும் வெரி குட்டு.

— உம்ம மாமியாளைப் பொறுத்தமட்டுல அது சரியாத்தான் இருக்கு.

— மூணாவது கேள்வி நோட்டுல இல்லை. மனுசனுக்கு நெத்தியெல்லாம் வேர்க்குது. கையை எங்க வைக்கன்னு தெரியாம பைக்குள்ள விடுதாரு, எடுக்காரு, திரும்ப விடுதாரு. எனக்கே பாவமாயிட்டு. ஒரு துணியையும் விளக்குச் சிமினியையும் கையில குடுத்தேன். அவ்வளவுதான், குளுந்துட்டாரு. மண்ணெண்ணெய் பட்டுரும்னு என் மாத்து வேட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டாரு, அது அவருக்கு முட்டியோட நின்னுட்டு. நாப்பது விளக்குக்கா. தொடைச்சுத் தொடைச்சுப் பட்டாளம் மாதிரி வரிசையா நிறுத்துதாரு. ஒண்ணு கோணலா நின்னா அதைப் புடிச்சுத் திட்டுதாரு. அன்னைக்கு நம்ம சிக்னல் வெளிச்சம் கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் அடிச்சு, அங்கன உள்ள கோழியெல்லாம் விடிஞ்சுட்டுன்னு கூவிருக்கு.

— ஸ்டேஷன்ல இருக்கதே எட்டு விளக்குவே.

— அஞ்சு தடவை தொடைச்சாரு அத்தான்.

— எஞ்சினுக்குத் தண்ணி புடிக்க நின்ன ரயிலு. அதுக்கு நாலு மணி நேரமா?

— தண்ணிக்குக் கால் மணி. மீதி நேரம் நீங்க வாழ்த்து மடல் வாசிச்சிய.

— அப்போ பிளாட்பாரத்துல நின்னு அதைக் கேட்டது ஆரு தம்பி?

— அவரு சமையக்காரன், நம்ம தமிழ் ஆளு. கோட்டு, தொப்பி, மெடலு எல்லாத்தையும் அவனுக்கு மாட்டி எறக்கி விட்டுட்டாராம். எந்த ஊர்லயும் அப்படித்தானாம். சண்டை போடுதது என் வேலை, மாலை வாங்குதது அவன் வேலைன்னு சொன்னாரு.

— கேட்டியா வடிவு. நான் சமையக்காரனுக்கு இருபது பக்கம் வாசிச்சேனாம். முடிவாச் சொல்லும்வே. கதையா, கல்யாணமா?

— தம்பி, பிள்ளையை நினைச்சுப் பாரு.

— அவளைத்தாங்கா நினைக்கேன். முப்பது வருசம் கொடி காட்டுனேன் அத்தான். ஒரு ரயிலும் எனக்காவ நின்னதில்லை. அன்னைக்கு அவரு போகும்போது என் மூஞ்சியை நேருக்கு நேராப் பாத்து, நல்லா இருன்னு சொன்னாரு. எனக்குன்னு நடந்தது ஆயுசுல அந்த ஒரு நாளுதான். சரி. எம் பொண்ணு அதைவிடப் பெருசு. பொய்யிதான். ஜெனரலு என் ரூமுக்கு வரலை, விளக்குத் தொடைக்கலை, எல்லாம் நான் கட்டிவிட்டது. இனிமே ஆருகிட்டயும் சொல்லலை. தட்டை எடுங்க.

— என்னங்க, அதான் சொல்லிட்டாம்லா. தட்டைக் கையில வச்சுக்கிட்டு ஏன் முழிக்கிய?

— சும்மா இரு வடிவு.

— நீங்க கேட்டதைத்தான சொன்னான்.

— கேட்டேன். இப்படி முழுசாத் தூக்கிக் குடுப்பாருன்னு நினைக்கலை. வே, இந்தாரும், தட்டைப் புடியும். ஆனா இப்பச் சொன்ன பொய்யை நீரே திருப்பி எடுத்துக்கிடும். அன்னைக்கு மாலையைப் போட்டுட்டு நான் நிமிர முன்னால, அந்த ஜெனரலு என் காதோரமாக் குனிஞ்சு, 'அண்ணாச்சி, நல்ல மிளகாவத்தல் இங்கன எந்தக் கடையில கெடைக்கும்'னு கேட்டான். அஞ்சு வீசை நாந்தான் வாங்கிக் குடுத்தனுப்புனேன். நீரு சொன்னது நடந்ததுதான்வே.