மாப்பிள்ளையின் கழுத்துக்குக் களிம்பு

கழுத்து வலியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஐயா. நாள் முழுக்கக் குனிந்து குனிந்து தேநீர்க் கோப்பைகளை முகர்ந்து பார்ப்பவர்களுக்கு அது நாற்பது வயதிலேயே வந்துவிடும். எங்கள் கம்பெனியில் தேயிலையை ருசி பார்த்து, இதை வாங்கலாம், இது வேண்டாம் என்று சொல்கிற வேலை இரண்டே பேருக்கு. ஒருவன் நான், முப்பது வருட அனுபவம். இன்னொருவர் என் தங்கை கணவர். வேலையில் எனக்குக் கீழே என்றாலும் அவரை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியது கிடையாது. மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

ருசி பார்க்கும் அறைக்குள் சோப்பு வாசனையோடுகூட யாரும் வரக் கூடாது. கதவில் ஒட்டியிருக்கும் அந்த எச்சரிக்கையை எழுதியவனே நான்தான். மருந்தைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு வந்த காய்ச்சலோடு என் மூக்கு படுத்துவிட்டது. பால் தீய்ந்து அடிப்பிடித்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஓடிவந்து திட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. வேலைக்கு அதனால் ஒரு குந்தகமும் வரவில்லை. நல்ல தேயிலை என்றால் மாப்பிள்ளைக்கு இடது புருவம் ஏறும், மட்டமென்றால் உதடு கோணும். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் தீர்ப்பைச் சொல்லிவிடுவேன். "மச்சான், உங்க மூக்கு மூக்குதான்" என்று அவரே அசந்துபோவார்.

போன மாதம் ஓர் உத்தரவு வந்தது. இனி ஒருவர் போதும். நடுவில் தடுப்பு வைத்து இருவருக்கும் சோதனை. தோற்பவர் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும். ஐம்பத்தாறு வயதில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு நின்றால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்?

சோதனையன்று காலை மாப்பிள்ளை கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தார். என் மனம் கேட்கவில்லை. பையிலிருந்து மெந்தால் களிம்பை எடுத்தேன்.

"ஐயோ, இன்னிக்கு வேண்டாம் மச்சான். அப்புறம் ஒரு வாசனையும் தெரியாது."

"வலியோட எப்படி மாப்பிள்ளை உட்காருவீங்க? பேசாம குனிங்க."

பெண் கொடுத்த வீட்டு மூத்தவன் கையை யார்தான் தட்டிவிடுவார்? கழுத்தில் தேய்த்தேன். தோள்பட்டையில் தேய்த்தேன். காலர் உரசினால் வலிக்குமே என்று காலரிலும் கொஞ்சம் தடவினேன். கையைத் துடைக்க அவருடைய கைக்குட்டையை வாங்கி, துடைத்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன். வலி மூக்குவரை போயிருந்தால் என்ன செய்வது என்று மீசைக்கு அடியில் ஒரு தீற்று. அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாசத்தில் நெகிழ்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு கோப்பைகளில் நிறத்தையும் கசப்பையும் வைத்து நான் ஐந்தைச் சரியாகச் சொன்னேன். அவர் இரண்டு. சோதனை வைத்தவர் தலையைச் சொறிந்தார். ஆனால் அதிகம் எடுத்தவருக்கே வேலை என்றுதான் உத்தரவில் இருந்தது. மறுநாளே மாப்பிள்ளை பேக்கிங் பிரிவுக்குப் போனார். போகும்போது, "கழுத்து தேவலை மச்சான், ரொம்ப நன்றி" என்றார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

அதற்குப் பிறகு வந்த முதல் சரக்குதான் நீங்கள் விசாரிக்கும் நானூறு மூட்டை. கோப்பையை முகர்ந்துவிட்டு வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தேன். எதிரே யாரும் இல்லை. நிறம் நன்றாக இருந்தது, முதல் தரம் என்று எழுதினேன். மூட்டை இறக்கியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். தூசி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆமாம், களிம்பைத் தேய்த்தது நான்தான். தெரிந்தேதான் தேய்த்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பூசணம் பிடித்த சரக்குக்கு என்னைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை, ஐயா. இரண்டு வருடமாக ஒரு தப்பும் நடக்காத அறை அது. இவ்வளவு முக்கியமான நேரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனது மாப்பிள்ளைதான்.