எர்த்

அந்த மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் என் மூச்சுதான் பதிவாகும். மேசைமேல் அப்படியே வைக்காமல் மடித்த துணிமேல் வைத்தால் இன்னும் நல்லது. தொழில் புத்தி, மன்னியுங்கள்.

டில்மனை விட்டுவிடுங்கள். தான் லினெட்டுக்குப் போதை மருந்து கொடுக்கவில்லை என்று அவன் சொல்வது உண்மை. சிக்கல் என்னவென்றால், அவனுக்கே இப்போது அதில் சந்தேகம் வந்துவிட்டது. நேற்று லாக்கப்பில் பார்க்கப் போனேன். "ஏன் மச்சான், ஒருவேளை நான்தான் பாட்டிலை மாத்தி வெச்சிட்டனோ?" என்று கேட்டான். பேருந்தில் வீடு வரைக்கும் அந்தக் கேள்வி என்னோடு உட்கார்ந்து வந்தது.

லினெட் என் மனைவி. பேஜ் தெருவில் அந்தப் பழைய மரவீட்டில் எங்கள் இசைக்குழு முழுவதும் ஒன்றாக இருந்தோம். டில்மன் பேஸ் கிதார் வாசிப்பான். லினெட் கிதாரோடு பாடுவாள். நான் ஒலிப்பதிவு. பெர்க்லியில் மின்பொறியியல் படித்துவிட்டு இதற்கு வந்தவன்.

எங்கள் வீட்டில் 'எர்த்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, பிளக்கின் மூன்றாவது கால். இன்னொன்று, மற்றவர்கள் எல்.எஸ்.டி. எடுக்கிற நாளில் எடுக்காமல் தெளிவாக இருப்பவன். தண்ணீர் கொடுப்பான், கையைப் பிடித்துக்கொள்வான், மாடி ஜன்னலைச் சாத்துவான். காலையில் எழுந்ததும், "இன்னிக்கி எர்த் யாரு?" என்று கேட்பதுதான் வழக்கம். எர்த் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மருந்தில் இருப்பவன் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசக்கூடாது. சுவர் மூச்சு விடுகிறது என்றால், விடட்டும் என்போம். எதிர்த்தால் பயம் வரும், பயம் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் போலீஸ், அதாவது நீங்கள். இந்தச் சாந்தமான பழக்கத்தை நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

போன கோடையில் அவள் பாடியதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அப்போது ஊரே வேறு மாதிரி இருந்தது. மூன்று நிமிடப் பாட்டு அரை மணி நேரம் ஓடியது. சுவரொட்டிகளில் எழுத்து உருகி வழிந்தது. படிக்கத் தெரிந்தவன் நம்ம ஆள். மேடைக்குப் பின்னால் எண்ணெயும் சாயமும் வெளிச்சத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். லினெட் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால், அந்தச் சாயம் அவளுக்காக நின்றுவிட்டது போலத் தோன்றும். நான் அப்போது எர்த். தெளிவான காதோடுதான் கேட்டேன்.

இந்த வசந்தத்தில் அவள் நிறுத்திவிட்டாள். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பெண், தன் கை தன்னுடையதில்லை என்று ஒரு நாள் முழுக்க அழுதது. அதன் கையை லினெட்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "போதும்டா வாரன். எனக்கு என் தலையே போதும்" என்றாள். ரெக்கார்டு முடிந்ததும் ஃப்ரெஸ்னோவில் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம், நீயும் வா என்றாள். டில்மன், "அங்க போய் திராட்சைக்குப் பாடப் போறியா?" என்று கிண்டல் பண்ணினான். "திராட்சை உன்ன மாதிரி சுதி தப்பாது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மருந்து இல்லாத குரல் சுத்தமாக இருந்தது, சர்ச்சில் பாடுகிற மாதிரி. நல்ல குரல்தான். யாரிடமும் இருக்கக்கூடிய நல்ல குரல்.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. எத்தனை முறை எடுத்தும் உயிர் இல்லை. போதாததற்கு அவளுடைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். அதைப் போக்க, பிளக்கின் எர்த் காலை வெட்டினேன். இந்த ஊரில் அதைச் செய்யாத சவுண்ட் ஆள் இல்லை. ரீங்காரம் போய்விடும். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் வெளியேற வழி இருக்காது. அது கிதார் கம்பிக்கு வரும். கம்பியில் கை வைத்தபடி உதடு மைக்கில் பட்டால் சுரீரென்னும். அதற்காகத்தான் மைக்குக்கு ஸ்பாஞ்ச் தொப்பி போடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிதார் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தேன். முள் கடைசி வரைக்கும் போயிற்று. எனக்கு அதைப் படிக்கத் தெரியும். தொப்பி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மருந்து கலந்த ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருப்போம், யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாதென்று. அதிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி அவளிடம் கொடுத்தேன்.

"இது சாதா ஜூஸ்தான?"

"இன்னிக்கி நான்தான எர்த்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அன்று எர்த் நான்தான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கன்னத்தைத் தட்டினாள்.

பதிவறை வீட்டின் அடித்தளத்தில். மழையில் தரை ஊறியிருந்தது, அவள் எப்போதும் போல வெறுங்கால். முதல் தடவை பாடும்போதே குரல் திரும்பி வந்துவிட்டது. போன கோடையின் அதே குரல். ஆனால் ஸ்பாஞ்ச் அதை மூடிக்கொண்டிருந்தது, கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. நான் போய் அந்தத் தொப்பியைக் கழற்றினேன்.

இரண்டாவது தடவையில் அவள் பாதியில் நிறுத்தினாள். கண் விரிந்திருந்தது.

"வாரன், மைக் கடிக்குது."

டில்மன் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, எங்கள் வழக்கப்படி சொன்னான்: "கடிச்சா கடிக்கட்டும் கண்ணு. என் கிதார் எனக்கு முத்தமே குடுக்குது."

"இல்லப்பா, நெசமாவே கடிக்குது. நான் எதுவும் சாப்பிடலையே. வாரன், நீ சொல்லு."

எல்லோரும் எர்த்தைப் பார்த்தார்கள். தெளிவாக இருந்தவன் நான் ஒருவன். அவள் சொன்னது நிஜம் என்று தெரிந்தவனும் நான் ஒருவன்.

"ஒண்ணுமில்ல. கண்ண மூடிக்கிட்டுப் பாடு" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். கண்ணை மூடினாள். உச்ச ஸ்வரத்துக்கு வரும்போது வழக்கம்போல மைக்கின் தலையை, தொப்பி இருந்த இடத்தை, கையால் இறுகப் பிடித்தாள். இடது கை கம்பியில் இருந்தது.

விபத்துச் சாவு என்று எழுதினீர்கள். போதையில் இருந்தவள், ஈரத் தரை, மருந்து கொடுத்தவன் டில்மன். வாசிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜின் ரீங்காரம் தாங்காமல் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். உள்ளே எல்லாம் அழுகிக்கொண்டிருக்கிறது. அவள் பூட்ஸ் மாடிப்படியில் இருக்கிறது, நான் அதைத் தாண்டித்தான் ஏறுகிறேன்.

மெயினை உடனே அணைத்துவிட்டேன் என்று உங்கள் ஆளிடம் சொன்னேன். அது தப்பு. ஸ்விட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எட்டும் தூரம்கூட இல்லை, கை அதன்மேல்தான் இருந்தது. மற்றவர்கள் அவள் பாடுகிறாள் என்று நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஸ்வரம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

டேப் இதோ, கோட்டுப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். டில்மனை விடுவிக்க இது போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இந்தச் சின்னப் பெட்டியில் போடாதீர்கள், நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ரீங்காரம் துளிகூட இருக்காது.