கூழ் ஆற முன்னம்

— சத்தம் போடாதை, தவம். வேட்டையெண்டால் டிசிப்ளின். விளங்குதோ?

— நான் கதைக்கேல்லையே, வரதராஜா அண்ணை.

— மூச்சு விடுறாய். இந்தப் பனிக்குள்ள அதுவும் மானுக்குக் கேக்கும். தமிழ்ச் சங்கத் தலைவர் முதன்முதலா மான் சுட வந்திருக்கிறன். வாற ஞாயிறு நோபல் பார்க் மண்டபத்திலை படம் காட்டவேணும். உன்ரை விசாக் கடிதம் என்ரை ஜக்கெற்றுக்குள்ளதான் கிடக்கு. மான் விழட்டும், கையெழுத்து வைக்கிறன்.

— நான் கேக்கேல்லை அண்ணை.

— உனக்குக் குளிரேல்லையோ? கனடாவிலையிருந்து எடுப்பிச்ச கையுறை, அதுக்குள்ளயே என்ரை விரல் விறைச்சுப்போச்சு.

— எனக்கு நேற்றுப் பின்னேரத்திலையிருந்து ஒண்டும் உறைக்கேல்லை.

— கோழி பக்ரறிக் குளிரறைக்குள்ள நிண்டு பழகினவன்தானே. அது கிடக்கட்டும், பிளாஸ்கிலை என்ன?

— ஒடியல் கூழ். நண்டு, றால், மரவள்ளி, பயித்தங்காய் எல்லாம் போட்டது.

— மடையா, மணத்துக்கு மான் வராது! ...கொஞ்சமா ஊத்து பாப்பம்.

— இந்தாங்கோ. சுடும்.

— ஆகா! நெஞ்சுக்குள்ளால இறங்கிக் கால்விரல்மட்டும் போகுது. ஐசே, நண்டுக்காலும் கிடக்கு!

— கையுறையைக் கழட்டிப்போட்டுக் கடியுங்கோ. ...அண்ணை.

— பொறு, சதை உள்ளுக்கை இறுகிக் கிடக்கு.

— அண்ணை, மான்.

— எங்கை?

— நேர முன்னாலை. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது.

— துவக்கு! துவக்கை எங்கை வைச்சனான்?

— கதிரைக்குப் பின்னாலை. கையிலை நண்டுக்கால், அண்ணை.

— ஐயோ, பாஞ்சிட்டுது! முந்தியே கத்தியிருக்கலாமே!

— மூச்சு விடவேண்டாமெண்டியள்.

— சரி சரி. ஆரும் கேட்டால், மான் குட்டியோட நிண்டது, தலைவர் இரக்கப்பட்டு விட்டவர் எண்டு சொல்லு. விளங்குதோ?

— ஓம் அண்ணை. இன்னும் ஊத்தட்டோ?

— ஊத்து. அதுசரி, ரெண்டு மாதமா என்ன பாடு படுத்தினாய்! விசா வழக்குக்குக் கோட்டிலை குடுக்கத் தலைவரின்ரை கடிதம் வேணும், கடிதம் வேணும் எண்டு போனுக்கு மேலை போன். இண்டைக்கு அதைப் பற்றி வாயே திறக்கேல்லை.

— நீங்கள் பிசியெண்டு சொன்னியள்.

— பதவியெண்டால் அப்பிடித்தான். கண்டபாட்டுக்குக் கையெழுத்து வைக்கேலாது. ஆனால் உன்ரை கூழ் விரலுக்கு உயிர் தந்திட்டுது. மான் விழாட்டிலும் பரவாயில்லை, பேனையைத் தா.

— வேண்டாம் அண்ணை. கூழ் ஆறப்போகுது.

— கூழ் எங்கை ஓடிப்போகுது! ...இந்தா. கீழை தலைவர் எண்டும் பெரிசா எழுதிவிட்டிருக்கிறன். பாத்தவுடனை நீதவானே எழும்பி நிப்பார். எப்பயடா வழக்கு?

— நேற்று முடிஞ்சுது, அண்ணை. தள்ளுபடி. வேட்டைக்குக் கூழ் கொண்டு வாறனெண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டன், அதுதான் வந்தனான். குடியுங்கோ.