பிலிப் அரசரின் மூக்கு

பிலிப் அரசருக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அவர் செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருபது வருடமாக அந்த மூக்கை நாணய அச்சில் வெட்டி வெட்டி எனக்கு அலுத்துவிட்டது. அந்தியோக்கியாவைப் பிடித்த ரோமர்கள் வெள்ளிக் காசில் அதே முகத்தைத்தான் போடச் சொன்னார்கள். வேறு முகம் என்றால் எங்கள் சந்தையில் எவனும் கை நீட்டி வாங்கமாட்டான்.

வேலை இதுதான். பழைய காசைப் பார்த்துப் புது அச்சு வெட்டுவோம். அடுத்த முறை அதைப் பார்த்து இன்னொன்று. அப்படியே அரசருக்குக் கண் வீங்கி, கன்னம் தொங்கிவிட்டது. ஊருக்கு அந்த முகம் பழகிப்போயிற்று.

என் தங்கை லவோதிகாவின் கணவன் திமார்கஸ் எங்கள் நாணயச் சாலைக்கு அச்சு வெட்ட வந்தான். அவன் வெட்டிய பிலிப் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போல இருந்தார். தலைமை வேலைக்காரன் நான். பார்த்தேன், சரி என்றேன். காசு அடித்தார்கள்.

அந்தக் காசில்தான் அவனுக்குக் கூலி கொடுத்தோம். எண்ணெய்க் கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.

"இது நம்ம பிலிப் இல்லியேப்பா. நம்மாளு என்னிக்கு இவ்ளோ அழகா இருந்தாரு?"

கள்ளக் காசு என்று திமார்கஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குச் சிலுவைதான் தண்டனை.

லவோதிகா வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க அச்சுதான்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணே. நீதானே பாத்து சரின்னே?"

சாப்பிட்டாயா என்று கேட்டு அனுப்பிவைத்தேன். எனக்கு மிகவும் அசதியாக இருந்தது.

பிற்பகல் ரோம அதிகாரி காசைக் கொண்டுவந்து நீட்டினார். தராசில் வைத்தேன். வெள்ளி எங்களுடையது, எடையும் எங்களுடையது. எங்களுடையது இல்லை என்றேன். அச்சுகளைப் பார்க்கவேண்டும் என்றார், எடுத்துக் காட்டினேன். திமார்கஸ் வெட்டியதை அவன் பிடிபட்ட அன்றே காய்ச்சி, சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கியிருந்தேன். மீதிக் காசுகளையும் உருக்கியாயிற்று.

சாலையோரச் சிலுவையில் அவன் உயிர் போக மூன்று நாள் ஆயிற்று.

எங்கள் சாலையில் சம்மட்டி அடிக்கும் மெனோன் இப்போது விசாரிக்க வந்த உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஊர் காசை நம்பவேண்டுமே என்றுதான் அப்படிச் செய்தேன். பொறாமை என்று எழுதாதீர்கள். அவன்மேல் எனக்கு என்ன பொறாமை? அந்த முகத்தைப் பார்த்தவன் அப்புறம் நான் வெட்டியதைப் பார்ப்பானா, அதைச் சொல்லுங்கள்.