அசையாமல் நில்லுங்கள்

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. மற்றபடி ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், லிஃப்டை ஒட்டிய அறையில், எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு குடித்தனம் நடத்துகிறேன். வைரஸ்களைப் படம் எடுப்பது என் வேலை. அந்த இயந்திரத்துக்கு என்னைவிட முன்கோபம். பக்கத்து அறையில் நாற்காலியை இழுத்தாலே படம் கலங்கிவிடும். லிஃப்ட் ஓடினால் கேட்கவே வேண்டாம். அதனால் முக்கியமான படமென்றால் லிஃப்டின் சுவிட்சை அணைத்துவிடுவேன். யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள்.

அன்று திரையில் வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வைரஸ், செல்லின் சவ்வைத் தொட்டுக்கொண்டு, முதன்முதலாகப் பெண்வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வாசலில் தயங்கி நின்றது. இதற்காக எத்தனை வருஷம் தவம் கிடந்தேன் தெரியுமா? ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும். முழு வீச்சில் எலக்ட்ரான் பட்டதும் சாம்பிள் கெட்டுவிடும். அதற்குமுன் அது ஆடி அடங்க வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு வந்து காத்திருந்தேன்.

கைபேசி அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. பிரசவ வார்டுக்குத்தான் போய்க்கிட்டிருந்தோம். இவளுக்கு வலி தாங்கல. ஏதாவது பண்ணுங்க."

மனைவிக்கு வலி எடுத்ததே அப்போதுதான் எனக்குத் தெரியும். காலையிலேயே சொன்னாளாம், நானும் 'ம்' என்றேனாம்.

"பயப்படாதீங்க அத்தை. யாரும் அசையாம நில்லுங்க. கத்தவும் வேண்டாம்."

"கேட்டுக்கோடி, மாப்பிள்ளை எவ்வளவு அக்கறையா சொல்றார்னு," என்று அவர் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கைபேசியை அணைத்து வைத்தேன்.

சாம்பிள் மெல்ல மெல்ல ஆடி அடங்கியது. என் பேச்சைக் கேட்கிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. பொத்தானை அழுத்தினேன். அதே நொடியில் சுவருக்கு அப்பால் என் மகன் பிறந்து வீறிட்டான். படத்தின் குறுக்கே தெரியும் அலை அதுதான். அவனை மன்னித்துவிட்டேன்; குழந்தைதானே.

தாயும் சேயும் நலம். ஆனாலும் மனைவி என்னைக் கல்நெஞ்சக்காரன் என்கிறாள். பிள்ளையைத் தொடக்கூட விடவில்லை. அதுதான் வலிக்கிறது. சுவிட்சை அணைத்தது நான்தான். உள்ளே யார் என்று தெரிந்த பிறகும் அப்படியே விட்டது நான்தான். லிஃப்டைத் திரும்ப ஓடவிட்டதும் நான்தானே? யாரும் வந்து மிரட்டவில்லை. பாசம் இல்லாதவன் அப்படி விழுந்தடித்துக்கொண்டு ஓடுவானா? அடுத்த சாம்பிள் மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்டில் வரவேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.